ஹெவி கிடார் ரெக்கார்டிங்: ஆம்ப் கெயின் எவ்வளவு வைக்கிறீர்கள்? (அனுபவப் பகிர்வு)

டிராப்_சி

ஆம்புக்கு முன்னால் நின்று வாசிக்கும்போது மனதுக்குப் பிடிக்கிற கெயின் (சிக்னலை ஆம்ப் எவ்வளவு தள்ளி உடைக்கிறது என்ற அளவு), ரெக்கார்டிங்குக்குப் பெரும்பாலும் அதிகம். அறையில் சத்தமே பாதி கனத்தைக் கொடுத்துவிடும். கேபினெட் தள்ளும் காற்று நெஞ்சில் தெரியும். அதையே மைக்கில் பிடித்து ஹெட்போனில் சாதாரண சத்தத்தில் கேட்டால் கனம் போய்க் கரகரப்பு மட்டும் மிஞ்சும்.

பீவி 5150 ஆம்பின் லீட் சேனல், முன்னால் ஒரு ஓவர்டிரைவ் பெடல், கிடாரில் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப். இந்தக் கூட்டணிக்கு ப்ரீ கெயின் 3 முதல் 4 வரை போதும். மார்ஷல் ஜேசிஎம்800 ஆம்பில் கெயினே குறைவு, அங்கே 6, 7 வரை போகலாம். எண்களை ஆரம்பப் புள்ளியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிவு செய்ய வேண்டியது காது.

கெயினைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, ஆறாவது கம்பியில் பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை அடக்கி வாசிப்பது) அடித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பிக் கம்பியில் படும் ‘டக்’ முதலில் தனியாகக் கேட்கும், பின்னாலேயே முழக்கம் வரும். கெயின் ஏற ஏற இரண்டும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். அந்த டக் கரையத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து அரை எண் குறைத்து வையுங்கள். விரலுக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், சஸ்டெய்ன் (ஓசை நீடிப்பது) குறைந்தது போலத் தோன்றும். டைட்டான ரிதம் டிராக் அந்த இடத்தில்தான் கிடைக்கிறது.

காரணம் இதுதான்: டிஸ்டார்ஷன் என்பது சிக்னலின் உச்சியை வெட்டுவது. உச்சி போனால் பிக்கின் அடிக்கும் பின்னால் வரும் முழக்கத்துக்கும் வித்தியாசம் போய்விடும். பதிவான வேவ்ஃபார்மைப் பெரிதாக்கிப் பார்த்தாலே தெரியும். ஒவ்வொரு பாம் மியூட்டும் முன்னால் கூராக எழும்பிப் பின்னால் சரிந்தால் நல்லது. செங்கல் மாதிரி ஒரே உயரத்தில் நீண்டிருந்தால் கெயின் அதிகம்.

இடது_வலது

டிராப்_சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒரே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிடார் வரியை) இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை முழு இடது, இன்னொன்றை முழு வலது வைக்கும்போது இரண்டு டிஸ்டார்ஷனும் கூடித்தான் கேட்கும். நாலு டிராக் என்றால் இன்னும் அடர்த்தி. அதனால் ஒரு டிராக்கைத் தனியாகக் கேட்கும்போது ‘கொஞ்சம் மெலிசா இருக்கே’ என்று தோன்ற வேண்டும். தனியாகவே நிறைவாக இருந்தால் நாலும் சேரும்போது குழம்பிவிடும். நாலு டிராக்கில் உள்ளே வைக்கும் ஜோடிக்கு இன்னும் ஒரு எண் குறைக்கலாம்.

ஒரே டேக்கை காப்பி பண்ணி இரண்டு பக்கமும் போடுவதில் பயனே இல்லை. அது நடுவில் ஒரே கிடாராகத்தான் கேட்கும், சத்தம் மட்டும் கூடும்.

டைட்_ரிதம்

கெயினைவிட முக்கியம், டிஸ்டார்ஷனுக்கு முன்னால் பாஸை (கீழ் ஓசையை) குறைப்பது. ஸ்டாண்டர்ட் ட்யூனிங்கில் ஆறாவது கம்பி 82 ஹெர்ட்ஸ், அதை சி வரை இறக்கும் டிராப் சி-யில் 65. இந்த அடி ஸ்வரங்களின் அலைதான் பெரியது. ஆம்பை முதலில் நிரப்பி வெட்டுப்படுவதும் அதுதான். அது வெட்டுப்படும்போது மேலே இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் கலைத்துவிடும். அப்படிக் கலைந்ததைப் பின்னால் ஈக்யூ (அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் கருவி) போட்டுச் சரிசெய்ய முடியாது.

ட்யூப் ஸ்க்ரீமர் ஓவர்டிரைவ் பெடலை எல்லாரும் ஆம்புக்கு முன்னால் வைப்பது இதற்குத்தான். அதன் க்ளிப்பிங் பகுதியில் 4.7 கிலோஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்து சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே கெயினைப் படிப்படியாகக் குறைக்கின்றன. செட்டிங்: டிரைவ் 0, லெவல் முழுசு, டோன் நடுவில். டிரைவை ஏற்றினால் இன்னொரு டிஸ்டார்ஷன் மேலே ஏறி உட்காரும், தேவையில்லை. பெடலைப் போட்ட பிறகு ஆம்ப் கெயினை மறுபடி குறையுங்கள். லெவல் முழுசாக இருப்பதால் ஆம்ப் ஏற்கெனவே கூடுதலாகத் தள்ளப்படுகிறது. பலர் விட்டுவிடும் படி இது.

பெடல் இல்லையென்றால் ஆம்ப் சிம்முக்கு (கம்ப்யூட்டரில் ஆம்பைப் போல ஒலிக்கும் ப்ளகின்) முன்னால் ஒரு ஈக்யூ ப்ளகின் போட்டு 120 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் (அதற்குக் கீழே உள்ளதைக் குறைக்கும் ஃபில்டர்), ஆக்டேவுக்கு 6 அல்லது 12 டெசிபல். முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

பெட்ரூம்_டோன்

அண்ணா, ஆம்ப் சிம்மில் கெயின் 2 வைத்தாலும் கரகரவென்றே இருக்கே? ஆடியோ இன்டர்ஃபேஸ்ல (கிடாரைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கும் பெட்டி) பச்சை விளக்குதான் எரியுது.

டைட்_ரிதம்

தம்பி, பச்சை விளக்கு கன்வர்ட்டர் க்ளிப் ஆகவில்லை என்பதை மட்டும்தான் சொல்லும். இன்டர்ஃபேஸில் ஏற்றுகிற ஒவ்வொரு டெசிபலும் சிம்முக்கு உள்ளே கெயினாகவே போய்ச் சேரும். அங்கே 10 டெசிபல் கூட வைத்துவிட்டு இங்கே குமிழைத் திருப்பிப் பயனில்லை. இன்ஸ்ட்ருமென்ட் பட்டனை ஆன் பண்ணி, இன்டர்ஃபேஸ் கெயினை முழுவதும் குறைத்து அங்கிருந்து தொடங்கு. ரொம்பப் பலமாக அடிக்கும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் வந்தால் போதும். அந்த ப்ளகினின் கையேட்டில் இன்புட் அளவு ஏதாவது சொல்லியிருந்தால் அதைப் பின்பற்று.

லைன் இன்புட்டில் செருகியிருக்கிறாயா என்றும் பார். கிடாருக்கு 1 மெகாஓம் பக்கம் இம்பீடன்ஸ் வேண்டும். லைன் இன்புட் பத்து கிலோஓம் அளவில்தான் இருக்கும், அதில் ட்ரெபிள் செத்துவிடும். அந்த மந்தத்தை ஈடுகட்டத்தான் பலர் கெயினை ஏற்றுகிறார்கள்.

மைக்_ஸ்டாண்ட்

நிஜக் கேபினெட்டில் வேலை செய்பவர்களுக்கு: ஓசை ‘உஸ்’ என்று எரிந்தால் கெயினைத் தொடுவதற்கு முன் மைக்கை நகர்த்துங்கள். ஷூர் எஸ்எம்57 மைக்கை கிரில் துணியிலிருந்து 2 சென்டிமீட்டரில், ஸ்பீக்கர் நடுவிலுள்ள மூடியும் கோனும் சேரும் விளிம்புக்கு நேராக வைத்து ஆரம்பியுங்கள். நடுவை நோக்கி நகர்த்தினால் கூர்மை, வெளியே நகர்த்தினால் இருட்டு. ஒரு சென்டிமீட்டருக்கே டோன் மாறும், அதனால் ஒருவர் வாசிக்க இன்னொருவர் ஹெட்போனோடு மைக்கை நகர்த்துவது நல்லது. துணியை ஒட்டி வைத்தால் ப்ராக்ஸிமிட்டி எஃபெக்டால் (மைக் நெருங்க நெருங்கக் கீழ் ஓசை கூடுவது) பாஸ் வீங்கும்.

செலஸ்டியன் வின்டேஜ் 30 ஸ்பீக்கரில் மேல் மிட் (நடு அதிர்வெண்களின் மேல் பகுதி) தூக்கலாக இருக்கும், கெயின் கூடினால் அந்த இடம் விசில் அடிக்கும். மிக்ஸில் 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸுக்குள் தேடிக் குறுகலாக 3, 4 டெசிபல் வெட்டினால் அடங்கும். 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை லோ-பாஸ் ஃபில்டராலும், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஹை-பாஸாலும் வெட்டுங்கள். அந்த அடித்தளத்தை பாஸ் கிடாருக்கு விட்டுக்கொடுங்கள். நாம் ‘ஹெவி கிடார்’ என்று கேட்பதில் நிறையப் பங்கு பாஸ் கிடாருடையது.

ஸ்வீடிஷ்_ரம்பம்

குறைந்த கெயின் எல்லாப் பாணிக்கும் பொருந்தாது நண்பர்களே. 1990-ஐ ஒட்டி ஸ்டாக்ஹோம் சன்லைட் ஸ்டுடியோவில் உருவான டெத் மெட்டல் ஓசைக்கு பாஸ் (Boss) கம்பெனியின் எச்எம்-2 டிஸ்டார்ஷன் பெடலின் நாலு குமிழும் முழுசு. அங்கே பிக் அடி தெளிவதைவிட ரம்பம் அறுக்கும் அந்த மிட் ஓசைதான் வேண்டும். அதிலும் பெடலுக்குப் பின்னால் வரும் ஆம்பின் கெயினைக் குறைத்து வைத்தால்தான் ரிஃப் புரியும்.

இரைச்சல்_எதிரி

கெயின் கூடினால் ஹம்மும் கூடும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் மடங்குகளான 100, 150-உம் சேர்ந்து கேட்கும். கம்பியைத் தொட்டதும் ஹம் குறைந்தால் பிரச்சினை பெரும்பாலும் ஷீல்டிங் அல்லது எர்த்திங். ப்ளக்கின் எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள், உயிருக்கு ஆபத்து. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். கரன்ட் போய் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடினால் வரும் ‘ஜ்ஜ்’ சத்தத்தை எதுவும் காப்பாற்றாது, அப்போது ரெக்கார்ட் பண்ணவே வேண்டாம்.

நாய்ஸ் கேட்டை (வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் கருவி) ஆம்புக்குப் பின்னால் போட்டாலும் அதன் சைட்செயினுக்கு (எப்போது திறக்க வேண்டும் என்று சொல்லும் இன்புட்) சுத்தமான டிஐ (ஆம்புக்குப் போகாத நேரடிக் கிடார்) சிக்னலைக் கொடுங்கள். டிஸ்டார்ஷனில் நோட்டும் இரைச்சலும் ஏறக்குறைய ஒரே உயரம், கேட்டுக்கு வித்தியாசம் தெரியாது. டிஐ-யில் தெளிவாகத் தெரியும்.

பவர்_கார்ட்

ரூட்டும் (அடி ஸ்வரம்) அஞ்சாவது ஸ்வரமும் மட்டும் உள்ள பவர் கார்ட் எவ்வளவு கெயினையும் தாங்கும். மேஜர், மைனர் கார்ட் தாங்காது, உள்ளே இருக்கும் மூன்றாவது ஸ்வரம் மற்றவற்றோடு மோதிப் புதுப்புது அதிர்வெண்களை உண்டாக்கும். அந்த இடங்களை மட்டும் கெயினை 2-க்கு இறக்கித் தனி டிராக்கில் எடுங்கள். அல்லது பவர் கார்டை ஒரு டிராக்கிலும் மூன்றாவது ஸ்வரத்தை இன்னொன்றிலும் வாசியுங்கள், அதே கெயினிலும் தெளிவாக வரும்.

ட்யூனிங்கை ஒவ்வொரு டேக்குக்கும் பாருங்கள். கம்பியை மெல்லத் தட்டி ட்யூன் செய்யாதீர்கள், ரிஃபில் அடிக்கிற அதே வேகத்தில் அடித்து ட்யூன் செய்யுங்கள். பலமாக அடிக்கும்போது தளர்ந்த கம்பி முதல் நொடியில் ஷார்ப்பாகப் போகும். டிராப் சி-க்கு 9-42 செட் (கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. ஆறாவது கம்பி 52-க்குக் குறையாமல் போடுங்கள், 56 இன்னும் நல்லது. கம்பி தடித்தால் நட்டில் உள்ள பள்ளமும் அகலமாக வேண்டும், இல்லையென்றால் ட்யூனிங் சிக்கிச் சிக்கி நிற்கும்.