ப, ப² + 2 இரண்டும் பகா எண்கள்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (திருவாரூர், பதினோராம் வகுப்பு):
ஒலிம்பியாட் பயிற்சித் தாளில் வந்த கணக்கு இது: ப, ப² + 2 ஆகிய இரண்டும் பகா எண்கள் எனில், ப³ + 2 என்பதும் பகா எண்ணே என்று நிறுவுக. அப்பாவின் விதைநெல் ரசீதுக்குப் பின்புறம் 5, 7, 11, 13 எனப் போட்டுப் பார்த்தேன். ப² + 2 என்பது 27, 51, 123, 171 என்று வருகிறதே தவிர, ஒன்றும் பகா எண்ணாக அமையவில்லை.

பதில் (மன்னார்குடி):
தம்பி, ரசீதிலேயே விடை இருக்கிறது; அந்த நான்கும் 3 ஆல் வகுபடுகின்றன. 3 ஆல் வகுபடாத எந்த எண்ணின் வர்க்கத்தையும் 3 ஆல் வகுத்தால் மீதி 1 என்பதால், அதனுடன் 2 சேரும்போது 3-ஐ விடப் பெரிய, 3 இன் மடங்கே கிடைக்கும். எனவே ப = 3 மட்டுமே பொருந்தும்; அப்போது 9 + 2 = 11, 27 + 2 = 29.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. 2-ஐத் தனியாகப் பார்க்க வேண்டுமா?

பதில் (மன்னார்குடி):
வேண்டாம்; 4 + 2 = 6, அதுவும் அதே வலையில் விழுகிறது.

பதில் (கும்பகோணம்):
மீதியை மட்டும் நம்பினால் எல்லாக் கணக்கும் மசியாது. 1-ஐ விடப் பெரிய எந்த எண்ணின் காரணீயப் பெருக்கமும் (1 முதல் அந்த எண் வரை எல்லா எண்களையும் பெருக்கி வருவது) முழு வர்க்கமாகாது என்பதை நிறுவ, 1-ஐ விடப் பெரிய எந்த எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையே பகா எண் உண்டு என்னும் பெர்ட்ராண்டு கூற்று தேவைப்படும். ஏனெனில் அந்தப் பெருக்கத்தில் மிகப் பெரிய பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும். எங்கள் ஊர்ப் பள்ளியில் படித்த இராமானுசன் 1919-இல் அக்கூற்றுக்குச் சுருக்கமான நிறுவல் தந்தார் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.