பட்டிக்காவலுக்குக் கோம்பைக் குட்டி: எதை எடுப்பது?

வணக்கம் நண்பர்களே. கொடைக்கானல் மேல்மலை, மன்னவனூர்ப் பக்கம் ஆட்டுப்பட்டிக் காவலுக்கு ஒரு கோம்பை இன நாய்க்குட்டி வேண்டும். ஒரே ஈற்றில் மூன்று கடுவன்கள், வயது 49 நாள். பழக்கமில்லாத கொட்டகையில், அவை அறியாத ஆளை வைத்து, ஒவ்வொன்றாகத் தனியே சோதித்தோம். பனி விலகி வெயில் ஏறிய பிறகுதான். குளிரில் நடுங்கும் குட்டியும், வயிறு நிறைந்து தூங்கி வழியும் குட்டியும் தப்புக்கணக்கு காட்டும்.

தொடுவுணர்ச்சி எவ்வளவு என்று பார்க்க, முன்னங்கால் விரலிடைச் சவ்வை, நகம் படாமல் இரண்டு விரலால் பிடித்து, பத்து எண்ணுவதற்குள் மெல்ல அழுத்தம் கூட்டினோம். காலை இழுத்தவுடன் விட்டுவிட வேண்டும். சின்னது 3-லேயே வீலென்று கத்தியது. ஆனால் அடுத்த நொடி அதே கையை நக்கியது. பெரியது 8 வரை அசையவில்லை.

ஆறடி தள்ளித் தகரத்தட்டைப் போட்டபோது சின்னது பதறி ஓடி, ஐந்து நொடியில் திரும்பி வந்து தட்டை மோந்தது. மூன்றாவது குட்டி மூலையில் ஒண்டியது, இரண்டு நிமிடமாகியும் வால் இறங்கியே இருந்தது. அதை விட்டுவிட்டோம். திடுக்கிடுவது குற்றமில்லை, தேறி வராததுதான் ஆபத்து.

மல்லாக்கப் போட்டு நெஞ்சில் கைவைத்து 30 நொடி பிடித்தால் சின்னது திமிறி அடங்குகிறது. பெரியது கடைசிவரை அடங்கவில்லை.

மனம் சின்னதன் பக்கம்தான். கிடா ஒருமுறை முட்டினால் இந்தத் தொடுவுணர்ச்சிக்காரன் பட்டியையே வெறுத்துவிடுவானா? பெரியது ஆட்டுக்குட்டிகளைத் துரத்தினால் அதட்டலுக்கு நிற்குமா? 8 முதல் 10 வாரம் வரை பயப்பருவம் என்பதால், மறுசோதனையை அது கழிந்தபின் வைக்கலாமா? பட்டியில் கோம்பை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.