குமிழ் நின்றுவிட்டது, அளவு மட்டும் 1.024-ஐ விட்டு இறங்க மறுக்கிறது

முதல்வாளி எழுதியது:

இது என் முதல் பீர். கேள்வியில் அறியாமை தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்; சிரித்தாலும் பரவாயில்லை.

20 லிட்டர் பேல் ஏல் வகைப் பீர். மால்ட் (முளைகட்டிய பார்லி) சாற்றைக் கரைத்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூ சேர்த்து 60 நிமிடம் கொதிக்கவிட்டேன். ஆறிய பிறகு 11 கிராம் உலர் ஈஸ்ட் பொட்டலம் ஒன்றைத் தூவினேன். தொடக்கச் சர்க்கரை அளவு 12.4 பிரிக்ஸ், அதாவது தண்ணீரை 1.000 என்று வைத்தால் அடர்த்தி 1.050. வாளி இருக்கும் அறை 19 முதல் 20 டிகிரி. இரண்டாம் நாள் நுரை மூடியைத் தொட்டது. ஏர்லாக் (வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பு) இரவெல்லாம் பேசிக்கொண்டே இருந்தது. ஆறாம் நாள் பேச்சு அடங்கிவிட்டது.

ஒன்பது, பத்து, பதினொன்று என்று மூன்று நாள் பார்த்துவிட்டேன். அசையாமல் 6.2 பிரிக்ஸ். அட்டவணையில் அது 1.024. செய்முறைத் தாளோ 1.012-க்கு வர வேண்டும் என்கிறது. நேற்று பொறுக்க முடியாமல் மூடியைத் திறந்து நீண்ட கரண்டியால் நன்றாகக் கலக்கிவிட்டேன். இன்னொரு ஈஸ்ட் பொட்டலமும் வாங்கி வைத்திருக்கிறேன். அதைப் போடலாமா, அல்லது இப்படியே பாட்டிலில் அடைத்துவிடலாமா? கழுவிய பாட்டில்கள் காத்திருக்கின்றன. அந்த வாளி எப்போது அங்கிருந்து நகரும் என்று வீட்டில் தினமும் கேட்கிறார்கள்.

நுரைப்பித்தன் எழுதியது:

நொதித்தல் பாதியில் நின்றுவிட்டது போலிருக்கிறது. வாளியை 22 டிகிரிக்குக் கொண்டுபோய், மூடியைத் திறக்காமல் மெல்லச் சுழற்றிவிட்டு மூன்று நாள் விடுங்கள். அசையவில்லை என்றால் இரண்டாவது ஈஸ்டைப் போடுங்கள். 1.024-இல் மட்டும் பாட்டிலில் அடைக்காதீர்கள்.

பழந்தேறல் எழுதியது:

பொறுங்கள். பிரிக்ஸில் சொல்கிறீர்களே, எந்தக் கருவியில் பார்த்தீர்கள்? மிதக்கும் கண்ணாடிக் குழாயா, இரண்டு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்ப்பதா?

முதல்வாளி எழுதியது:

இரண்டு சொட்டு விடுவதுதான் ஐயா. ரிஃப்ராக்டோமீட்டர். ஒவ்வொரு முறையும் ஒரு குவளை பீரை வீணாக்க மனம் வரவில்லை.

பழந்தேறல் எழுதியது:

அப்படியென்றால் உங்கள் ஈஸ்ட் மீது எந்தக் குற்றமும் இல்லை. கருவிதான் உங்களை ஏமாற்றுகிறது. அதையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது; அதற்குத் தெரியாத விஷயத்தை அதனிடம் கேட்டிருக்கிறீர்கள்.

ரிஃப்ராக்டோமீட்டர் பார்ப்பது ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை. தண்ணீரில் சர்க்கரை மட்டும் கரைந்திருக்கும்வரை அந்தக் கணக்கு சரி. அதனால் உங்கள் 12.4 நம்பத்தக்கது. ஈஸ்ட் வேலையைத் தொடங்கியபின் வாளியில் ஆல்கஹால் வந்துவிடுகிறது. அதுவும் தண்ணீரைவிட அதிகமாக ஒளியை வளைக்கும். அந்த வளைவையும் கருவி சர்க்கரைக் கணக்கில் எழுதிவிடுகிறது. 12.4-இல் தொடங்கி 6.2-இல் நின்றால், திருத்தச் சூத்திரப்படி உண்மையான அளவு ஏறக்குறைய 1.012. உங்கள் தாள் சொன்ன அதே எண். 1.050-இலிருந்து அதைக் கழித்து 131-ஆல் பெருக்கிப் பாருங்கள், சுமார் 5 சதவீத ஆல்கஹால். பீர் பெரும்பாலும் முடிந்துவிட்டது, நீங்கள் கலக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆனால் சூத்திரத்தை நம்பி மட்டும் அடைக்காதீர்கள். ஒரு ஹைட்ரோமீட்டர், அதாவது அந்த மிதக்கும் கண்ணாடிக் குழாய், வாங்குங்கள். முதலில் 20 டிகிரித் தண்ணீரில் மிதக்கவிட்டு 1.000 காட்டுகிறதா என்று பாருங்கள். மாதிரியை இரண்டு கிண்ணங்களுக்கிடையே மாற்றி மாற்றி ஊற்றி வாயுவை விரட்டிவிட்டு அளவெடுங்கள். குமிழ்கள் குழாயில் ஒட்டினால் அது மேலே எழும்பி, பொய்யாகக் கூடுதல் காட்டும். அந்தக் குவளையை வீணாக்க வேண்டியதில்லை, குடித்துப் பாருங்கள். திருப்பி வாளியில் மட்டும் ஊற்றாதீர்கள்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்களுக்கு நேர்ந்தது தலைகீழாக எனக்கு நேர்ந்தது. என் இரண்டாவது பீரில் ஏர்லாக் அடங்கியதும் முடிந்துவிட்டது என்று நம்பி எட்டாம் நாளே அடைத்துவிட்டேன். அளவெடுக்கவே இல்லை. மூடி சரியாக அமராமல் வாயு பக்கவாட்டில் கசிந்தாலும் ஏர்லாக் அமைதியாகிவிடும் என்பது அப்போது தெரியாது. பத்து நாள் கழித்து நள்ளிரவில் அலமாரிக்குள் வெடிச்சத்தம். ஒன்று வெடித்து, பக்கத்தில் இருந்த மூன்றையும் உடைத்தது. கதவின் உட்புறத்தில் கண்ணாடிச் சில் ஒன்று குத்தி நின்றது. மீதிப் பாட்டில்களைக் கனத்த கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி எடுத்துத் திறந்து கொட்டினேன்.

கணக்கைப் பாருங்கள். அடைத்த பிறகு மிச்சச் சர்க்கரை நொதித்து அளவு 0.002 இறங்கினாலே, பாட்டிலில் உள்ள பீரின் கன அளவுக்குச் சமமான வாயு, அதாவது ஒரு பங்கு, சேரும். குடிக்க இதமான பீருக்கு மொத்தம் 2.4 பங்கு போதும். அந்த 2.4-இல் 0.75-க்கு மேல் ஏற்கனவே கரைந்திருக்கும். மிச்சத்துக்குத்தான் சர்க்கரை. வண்டலை விட்டுவிட்டால் உங்களுக்கு 19 லிட்டர் தேறும். 120 கிராம் சாதாரணச் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறியபின் சேருங்கள். கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுங்கள்.

கலக்கியதைப் பற்றி: அடங்கிய பீரில் காற்றுப் புகுந்தால் சில வாரங்களில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வரலாம். இந்த வாளியை நீண்டநாள் வைக்காமல் சீக்கிரம் குடித்துவிடுங்கள். கரண்டியைக் கிருமிநீக்கம் செய்தீர்களா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் ஹான்சன் 1883-இல் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்தெடுத்ததே, காட்டு ஈஸ்ட் புகுந்து பீரைக் கெடுத்த தொல்லையால்தான். நாம் அந்தத் தொல்லையைக் கரண்டியில் ஏற்றி உள்ளே அனுப்பக்கூடாது.

நுரைப்பித்தன் எழுதியது:

கருவியைக் கேட்காமலே மருந்து எழுதிவிட்டேன். என் பதிலைத் திரும்பப் பெறுகிறேன்.

திராட்சைக்கொடி எழுதியது:

ஒயின் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்களிடம் இந்த ஏமாற்று இன்னும் பெரிது. நன்றாக முடிந்த ஒயின் 1.000-க்குக் கீழே, 0.994 அளவுக்கெல்லாம் இறங்கும். ரிஃப்ராக்டோமீட்டரோ அப்போதும் சர்க்கரை மிச்சம் இருப்பதாகவே காட்டும். இனிப்பாக அடைக்க நினைப்பவர்கள் பொட்டாசியம் சார்பேட் என்ற பதப்படுத்தும் உப்பைப் போட்டால் நொதித்தல் நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஈஸ்டை அது நிறுத்தாது. அடங்கியது மீண்டும் பெருகாமல்தான் தடுக்கும்.

முதல்வாளி எழுதியது:

ஹைட்ரோமீட்டர் வந்துவிட்டது. தண்ணீரில் 1.000. பீரில் 1.011, மாதிரி 25 டிகிரியில் இருந்ததால் திருத்தியபின் 1.012. இரண்டு நாள் கழித்தும் அதே எண். கரண்டியைக் கொதிநீரில் முக்கியிருந்தேன், அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. நேற்று அடைத்தேன், 120 கிராம், தராசில் நிறுத்துத்தான். இரண்டாவது ஈஸ்ட் பொட்டலத்தை என்ன செய்வது?

பழந்தேறல் எழுதியது:

பிரிக்காமல் குளிர்பெட்டியில் வையுங்கள், அடுத்த வாளிக்கு ஆகும். அடுத்த முறை ஒரு பாட்டிலை மட்டும் சோடா வரும் பிளாஸ்டிக் பாட்டிலாக அடையுங்கள். அழுத்திப் பார்த்தால் கல்போல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கண்ணாடிப் பாட்டில் எதையும் சொல்லாது. இவற்றை 20 டிகிரியில் இரண்டு வாரம் விட்டு, ஒன்றை மட்டும் குளிரவைத்துத் திறங்கள்.

முதல்வாளி எழுதியது:

ஒன்றே ஒன்றுதானா?