மறு: 'குழல் விரிவு' போதாது, 'குழலிளக்கம்' வேண்டும்

> வாசோரிலாக்சேஷனுக்கும் 'குழல் விரிவு' என்றே வைத்துக்கொள்ளலாமே, இரண்டும் ஒன்றுதானே?

ஐயா, வணக்கம். வாசோடைலேஷன் (vasodilation) என்பது இரத்தக்குழல் விரிவது, வாசோரிலாக்சேஷன் (vasorelaxation) என்பது குழல்சுவரின் தசை இறுக்கம் விடுவது. இரண்டும் ஒன்றில்லை. விரிவு என்றால் குழலின் உள்விட்டம் கூட வேண்டும். ஆனால் மூலிகை ஆய்வுகளில் நடப்பது வேறு. எலியின் பெருந்தமனியைச் சின்ன வளையங்களாக நறுக்கி, இரண்டு கொக்கிகளுக்கு நடுவே மாட்டி, உப்புக்கரைசலில் தொங்கவிட்டு, ஃபினைலெஃப்ரின் என்ற மருந்தைச் சேர்த்து முதலில் இறுக வைத்து, அப்புறம் செடிச்சாற்றை விட்டுப் பார்க்கிறார்கள். அங்கே அளப்பது வளையத்தின் இழுவிசையை. அதைப் போய் 'விரிந்தது' என்று எழுதினால் அளக்காததை அளந்ததாக ஆகிவிடும்.

'தளர்வு' என்றதும் நரம்புத்தளர்ச்சிதான் நினைவுக்கு வருகிறது, நோய்போல ஒலிக்கிறது. 'நெகிழ்வு' குழல்சுவரின் இயல்பைச் சொல்ல ஏற்கெனவே தேவைப்படுகிறது. வயதானால் தமனியின் நெகிழ்வு குறைகிறது என்கிறோமே, அது.

என் பரிந்துரை 'குழலிளக்கம்', அதைச் செய்யும் பொருள் 'குழலிளக்கி'. இறுகிய முடிச்சு இளகும் என்பது பேச்சிலேயே உள்ளது, மலமிளக்கி என்ற சொல்லும் வீட்டுக்கு வீடு தெரியும். சுருக்கம், விரிவு இரண்டும் விட்டத்துக்கு இருக்கட்டும். இறுக்கம், இளக்கம் இரண்டும் தசைக்கு.

சொல் அடைமொழி தாங்குமா என்றும் பார்த்தேன். 1980இல் ஃபர்ச்காட், ஸவாட்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் முயலின் தமனியில் உட்படலத்தை, அதாவது குழலின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய செல் அடுக்கைத், தேய்த்து எடுத்துவிட்டால் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் தமனியை இளக்குவதில்லை என்று காட்டினார்கள். அப்படியானால் உட்படலத்திலிருந்து ஏதோ ஒரு பொருள் வந்துதான் தசையை இளக்குகிறது. அது நைட்ரிக் ஆக்சைடு என்பது 1987இல் தெளிவானது, 1998இல் நோபல் பரிசும் வந்தது. ஆக இது 'உட்படலஞ்சார் குழலிளக்கம்'. அபினிச் செடியின் பாப்பாவெரினுக்கு உட்படலமே தேவையில்லை. தசைக்குள் அதை இளகச் செய்யும் தூதுப்பொருள்களான சைக்ளிக் ஏஎம்பி, சைக்ளிக் ஜிஎம்பி இரண்டும் சிதையாமல் தடுத்தே இளக்கிவிடுகிறது. நம் சேலம் பக்கம் பயிரிடுகிற மருந்துக் கூர்க்கன் கிழங்கின் ஃபோர்ஸ்கோலின், சைக்ளிக் ஏஎம்பியை உண்டாக்கும் நொதியையே தூண்டிவிடுகிறது. இவை 'உட்படலஞ்சாராக் குழலிளக்கம்'. நாக்கு இடறாமல் சொல்ல முடிகிறது.

சர்ப்பகந்தாவின் ரிசர்ப்பினை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது நரம்பு முனைகளில் இருக்கும், குழலை இறுக்கும் நார்அட்ரினலினைக் காலி செய்து இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது, தமனித் தசையை நேராக இளக்குவதில்லை. 'விரிவு' என்று மட்டும் வைத்திருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் பட்டே இருக்காது.

முன்சொல்லாக 'நாளம்' வேண்டாம் என்பேன், நாளமில்லாச் சுரப்பியில் அது வேறு பொருளில் நிற்கிறது. இலங்கை நண்பர்கள் குருதிக்கலன் என்று எழுதுவீர்கள். உங்களுக்குக் 'கலனிளக்கம்' இயல்பாகப் படுகிறதா, இல்லை குழலிளக்கமே சரியா?