64-பிட் கர்னலுக்கு எந்த ப்ராசஸர் வசதிகளைக் கட்டாயமாக்கலாம்?

நள்ளிரவு_கம்பைலர்:
எக்ஸ்86-64க்கு ஒரு சின்ன கர்னல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பேஜிங், ஷெட்யூலர் எல்லாம் ஓரளவு ஓடுகிறது. குறைந்தபட்சம் என்ன ப்ராசஸர் வேண்டும் என்று இப்போது முடிவுசெய்தாக வேண்டும். பழைய மெஷினுக்கு ஒன்று, புதுசுக்கு ஒன்று என்று எல்லாவற்றையும் இரண்டு முறை எழுதப் பொறுமையில்லை. பேசாமல் ஏவிஎக்ஸ்2 (ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் வசதி) கேட்கிற வி3 நிலையையே (எக்ஸ்86-64 சிப்களின் வசதிகளை வகுத்த நிலைகளில் மூன்றாவது) கட்டாயமாக்கிவிடலாமா? ரெட் ஹேட் லினக்ஸ் 10 அதைத்தானே கேட்கிறது?

ரிங்_ஜீரோ:
அது பெரும்பாலும் யூசர் புரோகிராம்களின் வேகத்துக்காக. லினக்ஸ் கர்னலை எஸ்எஸ்இ (ஏவிஎக்ஸின் முன்னோடி), ஏவிஎக்ஸ் எல்லாம் அணைத்துவிட்டுத்தான் கம்பைல் செய்கிறார்கள், ஏனென்றால் கர்னல் அவற்றின் ரிஜிஸ்டர்களைத் (சிப்புக்குள் இருக்கும் சேமிப்பிடங்கள்) தொட்டால் அதில் இருக்கும் யூசரின் மதிப்புகளை முதலில் சேமிக்க வேண்டும், ஒவ்வொரு இன்டரப்டுக்கும் அதைச் செய்தால் கட்டுப்படியாகாது. கிரிப்டோ, ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்துப் பயன்படுத்துவது) மாதிரி கனமான இடங்களில் மட்டும் பயன்படுத்துவார்கள். அதையும் பூட் ஆகும்போது பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும்.

ஒரு வசதி இல்லாவிட்டால் ஒரே ஒரு ஃபங்ஷன் மாறுமா, வடிவமைப்பே மாறுமா என்று பாருங்கள். ஃபங்ஷன்தான் என்றால் கட்டாயம் வேண்டாம். 2012 இறுதியில் லினக்ஸ் இன்டெலின் பழைய 386 சிப்பைக் கைவிட்டது இரண்டாவது வகை. அந்தச் சிப்பில், எழுதக்கூடாது என்று குறித்த பேஜிலும் கர்னல் பாட்டுக்கு எழுதிவிடும், ஃபால்ட் வராது. ஃபோர்க்குக்குப் (ஒரு புராசஸை நகலெடுப்பது) பிறகு இரண்டு புராசஸ் பகிர்ந்துகொண்டிருக்கும் பேஜில் ரீட் கால் டேட்டாவைக் கொட்டினால், நகல் எடுக்கப்படாமல் அடுத்த புராசஸின் நினைவகமும் சேர்ந்து கெடும். அதனால் யூசர் நினைவகத்தில் எழுதுகிற இடத்திலெல்லாம் முன்கூட்டியே சோதனை. கம்பேர்-எக்ஸ்சேஞ்ச் (எதிர்பார்த்த மதிப்பு இருந்தால் மட்டும் ஒரே அடியில் மாற்றும் கட்டளை) வேறு கிடையாது. (உங்கள் சிப்பில் அந்தப் பாதுகாப்பு இருக்கிறது, ஆனால் சிஆர்0 என்ற கட்டுப்பாட்டு ரிஜிஸ்டரில் டபிள்யூபி (எழுதுவதைத் தடுக்கும்) பிட் போட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.)

பூட்டில்லா_பட்டியல்:
வழிமொழிகிறேன். என் கணக்கில் கட்டாயம் என்றால் 16 பைட் கம்பேர்-எக்ஸ்சேஞ்சும் என்எக்ஸும் (டேட்டா பேஜை நிரலாக ஓடவிடாத தடை). முதல் தலைமுறை ஏஎம்டி 64-பிட் சிப்களில் முதலாவது கிடையாது, 64-பிட் விண்டோஸ் 8.1 அதைக் கட்டாயமாக்கியபோது அவை வெளியே போயின. பாயின்டரையும் பக்கத்தில் ஒரு எண்ணிக்கையையும் ஒரே அடியில் மாற்ற முடியும் என்று நம்பி அலொகேட்டரை (நினைவகம் ஒதுக்கும் பகுதி) எழுதிவிட்டால், அப்புறம் அது இல்லாத சிப்புக்காக லாக் போட்ட இன்னொரு அலொகேட்டர் எழுத வேண்டியிருக்கும். பாப்கவுன்ட் (1ஆக உள்ள பிட்களை எண்ணும் கட்டளை) எல்லாம் சும்மா, பூட்டில் அந்த இடத்தை பேட்ச் செய்துகொள்ளலாம்.

நள்ளிரவு_கம்பைலர்:
சரி, ஏவிஎக்ஸ் போச்சு. ஆனால் கம்பைலருக்கு வி3 கொடுத்துவிட்டு, ஆரம்பத்திலேயே சிபியுஐடி (சிப்பில் என்ன வசதி இருக்கிறது என்று சொல்லும் கட்டளை) பார்த்து, இல்லையென்றால் செய்தி காட்டி நிறுத்தினால்?

மும்முறை_ஃபால்ட்:
அந்தச் செய்தி திரைக்கு வந்தால்தானே! சோதிக்கிற நிரலையும் அதே கம்பைலர்தான் உருவாக்குகிறது. அதற்குள்ளேயே ஒரு ஏவிஎக்ஸ் கட்டளையை நுழைத்துவிட்டால், ஐடிடி (ஃபால்ட் வந்தால் எங்கே போவது என்ற அட்டவணை) இன்னும் அமைக்காத நேரத்தில் ஃபால்ட், அதன்மேல் இன்னொன்று, மெஷின் சத்தமில்லாமல் ரீபூட். அதுவும் பழைய சிப்பில் மட்டுமில்லை: சிஆர்4, எக்ஸ்சிஆர்0 என்ற கட்டுப்பாட்டு ரிஜிஸ்டர்களில் இயக்கிவிடும்வரை நேற்று வாங்கிய சிப்பிலும் ஏவிஎக்ஸ் கட்டளை செல்லாது. சோதனைக் கோப்பை மட்டும் அடிப்படை எக்ஸ்86-64க்குத் தனியாக கம்பைல் செய்யுங்கள், கர்னல் முழுக்க எஸ்எஸ்இ, ஏவிஎக்ஸை அணையுங்கள். ஒவ்வொரு கோரிலும் சோதியுங்கள், இன்டெலின் ஆல்டர் லேக் சிப்பில் பெரிய கோரில் இருந்த ஏவிஎக்ஸ்-512 சின்ன கோரில் கிடையாது. க்யூஇஎம்யூவில் (கணினியைப் போல நடிக்கும் எமுலேட்டர்) சிபியு மாடல் குறிப்பிடாமல் ஓடினால் பொதுவாக ஏவிஎக்ஸே தெரியாது, முதலில் மாட்டப்போவது நீங்கள்தான் :)