ஸ்டெல்லியாவா ஈ3யா? குளோஸ்ட்-பேக் ஹெட்ஃபோன் வாங்கப் போறேன், கேட்டவங்க சொல்லுங்க

ராத்திரிகச்சேரி

எல்லாருக்கும் வணக்கம். இப்ப கையில இருக்கறது சென்ஹைசர் ஹெச்டி 650. சவுண்ட்ல எனக்கு ஒரு குறையும் இல்ல, ஆனா ஓபன்-பேக், அதாவது கப் பின்பக்கம் திறந்திருக்கற வகைங்கறதால ராத்திரி நான் என்ன கேக்கறேன்னு பக்கத்துல தூங்கறவங்களுக்கும் தெரிஞ்சுடுது, கைக்குழந்தை வேற இருக்கு, அதனால ஒரு நல்ல குளோஸ்ட்-பேக் எடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன். ரெண்டுல வந்து நிக்குது: ஃபோக்கல் ஸ்டெல்லியா, டான் கிளார்க் ஆடியோ ஈ3. ஸ்டெல்லியா 2019ல வந்தப்ப 2,999 டாலர், ஈ3 2023ல 1,999 டாலர். எனக்குக் கிடைக்கற ஸ்டெல்லியா செகண்ட் ஹேண்ட், விக்கறவர் கிட்டத்தட்ட ஈ3 விலைக்கே தர்றேங்கறார், அதான் குழப்பமே.

ஃப்ரெண்ட் வீட்ல ஒரே ஆம்ப்ல ரெண்டையும் மாத்தி மாத்தி போட்டுப் பாத்தேன். ஸ்டெல்லியா போட்டதுமே உயிரோட இருந்துச்சு, மிருதங்கத்துல வலந்தலை சொல்லு ஒவ்வொண்ணும் தெறிச்சு வந்து விழுது. ஈ3 போட்டா எல்லாம் சரியாத்தான் இருக்கு ஆனா என்னமோ அடக்கி வாசிக்கற மாதிரி. அதிகம் கேக்கறது கர்நாடகக் கச்சேரி ரெக்கார்டிங், பழைய சினிமா பாட்டு, கொஞ்சம் ஜாஸ். கண்ணாடி போடுவேன். எது எடுக்கலாம்?

டெசிபல்தாத்தா

தம்பி, மொதல்ல ஒண்ணு சொல்லுங்க, வால்யூம் மேட்ச் பண்ணிட்டுத்தான் கேட்டீங்களா? ஸ்டெல்லியா 1 மில்லிவாட்டுக்கு 106 டெசிபல் தரும், ஈ3 சுமார் 90 தான். நடுவுல 16 டெசிபல் இருக்கு, அதாவது அதே சத்தம் வரணும்னா ஈ3க்கு கிட்டத்தட்ட 40 மடங்கு பவர் குடுக்கணும். வால்யூம் நாப்ப நீங்க திருப்பியிருப்பீங்க, இல்லேன்னு சொல்லல, ஆனா காதால மட்டும் திருப்பினா ஒண்ணு ரெண்டு டெசிபல் எப்படியும் தப்பும், அந்த ஒண்ணு ரெண்டு டெசிபல் காதுக்கு "சத்தம் கூடிடுச்சு"ன்னு தெரியாது, "இதுல தெளிவா இருக்கு, உயிர் இருக்கு"ன்னுதான் தெரியும். கடைக்காரங்க விக்க நினைக்கறத ஒரு பொட்டு ஏத்தி வெச்சுப் போடறது இதுக்குத்தான்.

தடி அட்டை ஒண்ணுல மொபைல் மைக் அளவுக்கு ஓட்டை போட்டு, ஹெட்ஃபோன் பேட (காதுல படற மெத்தைய) அதுமேல நல்லா அழுத்தி வெச்சு, பிங்க் நாய்ஸ் (எல்லா ஸ்தாயியும் கலந்த இரைச்சல்) ஓடவிட்டு சத்தம் அளக்கற ஆப்ல ரெண்டுக்கும் ஒரே அளவு வர்ற மாதிரி நாப் இடத்தக் குறிச்சுக்கோங்க. லேப் அளவுக்கு துல்லியம் இருக்காது, ஆனா காத நம்பறதவிட மேல். அப்புறம் கேட்டுட்டு வந்து சொல்லுங்க, அதுவரைக்கும் யார் கருத்தும் வேணாம், என் கருத்தும் சேத்துத்தான்.

பனிக்குளிர்

டெசிபல் ஐயா சொல்லுறது சரிதான், ஆனா வால்யூம் சமப்படுத்தினாப் பிறகும் ரெண்டும் ஒண்டில்ல. நான் ஸ்டெல்லியா வச்சிருக்கிறன், ஈ3ய இங்க டொராண்டோவில கூட்டாளி ஒருத்தரிட்ட வாங்கி ஒரு கிழமை முழுக்கக் கேட்டனான். ஸ்டெல்லியாவில சவுண்ட் எழுப்புற டிரைவர் 40 மில்லிமீட்டர் பெரிலியம் உலோக டோம், டைனமிக் வகை, ஈ3 பிளேனார், தட்டையான மெல்லிய படலம் அதிருற வகை. மிருதங்கத்தில தொப்பிப் பக்கம், அந்த இடது முகத்தில, விழேக்க வாற அந்தக் குத்து ஸ்டெல்லியாவிலதான் நெஞ்சில தெரியும், அத சத்தக் கணக்கெண்டு தள்ள ஏலாது. ஆனா பழைய ரெக்கார்டிங்குகளில அதே ஸ்டெல்லியா என்னைப் படாதபாடு படுத்தும், பாடுறவரின்ட "ச" எல்லாம் ஊசி மாதிரிக் குத்தும், டேப் இரைச்சலும் முன்னுக்கு வந்து நிக்கும். ஈ3யில டிரைவருக்கும் காதுக்கும் நடுவில மெட்டாமெட்டீரியல் தட்டு (அலைகளைக் கட்டுப்படுத்தவெண்டே வடிவமைச்ச தட்டு) ஒண்டு வச்சிருக்கினம், 2021ல அதே கம்பனியின்ட ஸ்டெல்த் ஹெட்ஃபோனில முதல் வந்தது, கப்புக்குள்ள சுத்தித் திரியிற மேல் ஸ்தாயி அலைகளை அது உறிஞ்சிப்போடும். அதாலதான் குரல் இவ்வளவு இயல்பா வருது. குரல்தான் முக்கியமெண்டா ஈ3.

கண்ணாடித் தண்டு எவ்வளவு தடிப்பு? ரெண்டுக்கும் பேட் காதைச் சுத்தி ஒட்டாம சீல் உடைஞ்சா பேஸ் போயிடும்.

வால்வுவாசி

கேக்காத கேள்விக்கு பதில் சொல்றேன்னு திட்டாதீங்க, ரெண்டையும் விட்டுட்டு இசட்எம்எஃப் வெரிட்டே குளோஸ்ட் ஒருதடவ கேளுங்க. மரக் கப், 300 ஓம், ஓடிஎல் ட்யூப் ஆம்ப்ல (அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப்) போட்டா வீணைத் தந்தி மீட்டினதுக்கப்புறம் அந்த நாதம் எவ்ளோ நேரம் நிக்குதுன்னு அப்பத்தான் தெரியும். நியூட்ரல்லாம் இல்ல, யாருக்கு வேணும் நியூட்ரல்.

ஆனா ட்யூப் ஆசைல ஸ்டெல்லியாவ ஓடிஎல்ல மாட்டிடாதீங்க. அது 35 ஓம் டைனமிக், பேஸ் பக்கம் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்குக் குடுக்கற தடை) ஏறும், ஆம்போட அவுட்புட் இம்பீடன்ஸ் அதிகமா இருந்தா அந்த எடத்துல பேஸ் ஊதிப்போய் கொழகொழன்னு ஆயிடும். பிளேனார்க்கு இம்பீடன்ஸ் நேர்கோடு மாதிரி இருக்கறதால டோன் மாறாது, ஆனா ஓடிஎல்லால ஈ3ய உருப்படியா தள்ளவும் முடியாது. உங்க ஆம்ப் என்னன்னு இதுவரைக்கும் நீங்க சொல்லவே இல்லையே?

ராத்திரிகச்சேரி

ஆம்ப் சாதா சாலிட் ஸ்டேட்தான், பேலன்ஸ்டு அவுட் இருக்கு, ஈ3க்கு போதுமான பவர் வருது. தாத்தா சொன்ன அட்டை வேலையப் பண்ணினேன், ஃப்ரெண்டுக்கு ஒரே சிரிப்பு. மேட்ச் பண்ணினதும் பாதி வித்தியாசம் காணாமப் போச்சு, ஈ3 அடக்கி வாசிக்கறதா நினைச்சேன்ல, அது இல்லவே இல்ல. மீதிப் பாதி பனிக்குளிர் சொன்னதுதான், தொப்பி குத்து ஸ்டெல்லியா, குரலும் வயலினும் ஈ3. பழைய பாட்ட ஸ்டெல்லியால ரொம்ப நேரம் கேக்க முடியல.

என் கண்ணாடி தடி ஃப்ரேம், அதக் கழட்டினா ரெண்டுலயுமே கீழ் பேஸ் கூடுது. வெயிட்ல பெரிய வித்தியாசம் இல்ல, ஸ்டெல்லியா 435 கிராம், ஈ3 455 கிராம், ஆனா தலைல ஈ3தான் கனமே தெரியாம உக்காருது, மேல பட்டை தொங்கற மாதிரி இருக்கறதாலயோ என்னவோ. வெரிட்டே என் பட்ஜெட்டுக்கு மேல, மன்னிச்சுக்கோங்க வால்வு சார்.

ஈ3 எடுத்து பேஸ் மட்டும் ஈக்யூல (ஈக்வலைசர்) ஏத்திக்கலாமான்னு யோசிக்கறேன்.

டெசிபல்தாத்தா

தாராளமா பண்ணலாம், ஈ3ல டிஸ்டார்ஷன் கம்மி, ஏத்தினாலும் தாங்கும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ ஒரு 2 டெசிபல் ஷெல்ஃப்ல (அதுக்குக் கீழ மொத்தமா ஏத்தற ஃபில்டர்) ஆரம்பிங்க, ஈக்யூல இருக்கற ப்ரீஆம்ப் அளவ அதே 2 டெசிபல் இறக்கிடுங்க, இல்லேன்னா கிளிப் ஆகி சத்தம் உடையும். அதுக்கு முன்னாடி மெல்லிசா உலோகத் தண்டு வெச்ச கண்ணாடி மாத்திப் பாருங்க, ஈக்யூவே தேவைப்படாமப் போகலாம்.

பனிக்குளிர்

ஈக்யூ போட்டாலும் அந்தக் குத்து வராது ஐயா, அளவு கூடும் அவ்வளவுதான். இதில நாங்கள் ஒத்துவர மாட்டம்.

தம்பி கடைசியில ஸ்டெல்லியா பக்கம் மனம் மாறினா, விக்கிறவரிட்ட பேட் எப்ப மாத்தினதெண்டு கேளுங்கோ. தோல் பேட், அமுங்கிப் போயிருந்தா சவுண்டே வேற, புதுசு வாங்கவும் காசு கூட. பெட்டியோட ரெண்டு கேபிள் வரவேணும், 1.2 மீட்டர் ஒண்டு, 3 மீட்டர் எக்ஸ்எல்ஆர் ஒண்டு. ரெண்டும் இருக்கோ எண்டு பாத்திட்டுக் காசக் குடுங்கோ.