யாளியைச் சேர்க்காத ஒரு சொல்

பொருள்: கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான்காம், ஐந்தாம் படிவ (மேல்நிலைப் பள்ளி) மாணவர்களுக்கான விடுமுறைப் பட்டறைக்குக் கையேடு தயாராகிறது. உண்மையான ஒரு விலங்கை எடுத்துக்கொண்டு, சூழல் மாறினால் பல லட்சம் ஆண்டுகளில் அதன் சந்ததி என்ன உருவம் எடுக்கும் என்று கணக்குப் போட்டு வரைவதுதான் பயிற்சி. இதற்கு இப்போதைக்கு 'கற்பனை உயிரியல்' என்று தட்டச்சு செய்திருக்கிறோம். தலைப்பைப் படித்ததும் பிள்ளைகள் சிறகு வைத்த குதிரை வரையத் தொடங்கிவிடுகிறார்கள். துறைக்கு, அதில் பிறக்கும் உயிருக்கு, அந்த மாற்றத்துக்கு என மூன்றுக்கும் ஒரே வேரிலிருந்து சொல் கிடைக்குமா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

— சுங்கை சிப்புட்

பொருள்: மறு: கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

டீச்சர், பிள்ளைகள் மேல் குற்றமில்லை. 'கற்பனை உயிரியல்' என்றால் உயிரியலே கற்பனை என்றுதான் பொருள்படும். இங்கே விலங்குதான் கற்பனை, உயிரியல் மெய்.

'ஊக உயிரியல்' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஊக வணிகம் என்றால் பங்குச் சந்தைச் சூதாட்டம் நினைவுக்கு வருகிறது. அதோடு, ஊகம் என்பது பழந்தமிழில் ஒரு குரங்கு. தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் மூன்றின் பெண்ணையும் மந்தி என்கிறது. பழைய இலக்கியம் படித்தவருக்கு 'ஊக உயிரியல்' குரங்கு ஆராய்ச்சியாகத் தெரியும்.

உலகில் இல்லாத பொருளை உவமையாக்கும் 'இல்பொருள் உவமை'யை ஒட்டி 'இல்லுயிர்' என்று பார்த்தேன். இல் என்றால் வீடும்தான். பல்லியும் கரப்பானும் வந்து நிற்கும். விட்டுவிடுவோம்.

'உய்த்துணர் உயிரியல்' எப்படி? நன்னூலின் முப்பத்திரண்டு உத்திகளில் 'உய்த்துணர வைப்பு' ஒன்று. சொன்னதை வைத்துச் சொல்லாததை அறிவது. பயிற்சியும் அதுதானே?

— தைப்பிங்

பொருள்: மறு: மறு: கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

ஐயா, 'உய்த்துணர்' அழகான சொல். ஆனால் புதைபடிவத் தாடையெலும்பு ஒன்றை வைத்து முழு விலங்கைச் சொல்வதும் உய்த்துணர்தல்தான். அது இருந்த விலங்கு, இது இராத விலங்கு. அந்த வேறுபாடு சொல்லில் வரவில்லை. கட்டுப்பாடு எங்கே இருக்கிறது என்பதும் வரவில்லை.

சிறகு வைத்த குதிரை ஏன் தப்பு? நாலு கால், இரண்டு சிறகு, மொத்தம் ஆறு உறுப்பு. முதுகெலும்பிகளில் பறவை, வௌவால், அழிந்துபோன பறக்கும் ஊர்வன ஆகிய மூன்றும் தனித்தனியாகப் பறக்கத் தொடங்கியவை. மூன்றும் முன்னங்காலைக் கொடுத்துத்தான் சிறகு வாங்கின. நம் ரப்பர் மரத்தில் திரிகிற பறக்கும் ஓணானைப் பாருங்கள். வாலோடு சேர்த்து ஏறக்குறைய 20 செ.மீ. நாலு காலும் அப்படியே இருக்கின்றன. நீண்ட விலா எலும்புகளை விசிறி போல விரித்து, அவற்றின் மேல் இழுத்த தோலில் சறுக்குகிறது. புது உறுப்பு எதுவும் முளைக்கவில்லை, இருந்த எலும்பு வேறு வேலைக்குப் போயிருக்கிறது. குதிரைக்கு அந்த ஐந்தாவது, ஆறாவது உறுப்பு எந்த மூதாதையிடமிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இல்லை.

கையேட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டையும் இங்கேயே போட்டுப் பார்க்கிறேன். சொல்லுக்கு என்ன வேண்டும் என்பது அப்போது தெரியும்.

செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்து எலி. ஆட்கள் போய்விட்டார்கள் என்று வையுங்கள். சுமார் 25 ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் மறுநடவும் நின்றுவிட்டது. இதை முதலில் எழுதவேண்டும், இல்லாவிட்டால் 25 ஆண்டில் காடே மாறிவிடும், பரிணாமத்துக்கு நேரம் இருக்காது. எலிக்குப் பழம் வேண்டும், பழத்துக்கு மகரந்தச் சேர்க்கை வேண்டும். அதைச் செய்வது 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விட்ட சிறு கூன்வண்டு. அதற்கு முன் இங்கே பல தோட்டங்களில் ஆள் வைத்துக் கையால் மகரந்தம் தூவினார்கள். ஆகவே வண்டு பிழைத்திருக்கிறது என்றும் ஒரு வரி வேண்டும். அது ஆண்பூக் குலையிலேயே முட்டையிட்டுப் பெருகுவதால் இது நம்பக்கூடியதே.

இனி, பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேர் எலிக்குச் சறுக்குத் தோல் வரைவார்கள். அளவு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 9 மீட்டர் முக்கோண நடவில் ஹெக்டருக்குச் சுமார் 143 மரம். வளர்ந்த மரத்தின் மட்டை 5 மீட்டருக்கு மேல். இரண்டு பக்கத்து மட்டையும் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். எலி நடந்தே போய்விடும். சறுக்கினால் இறங்கவேண்டும், இறங்கினால் மறுபடி ஏறவேண்டும். லாபமே இல்லாத உறுப்பை இயற்கைத் தேர்வு வளர்க்காது.

உண்மையான நெருக்கடி கூகை. அதன் இரு காதுத் துளைகளும் ஒரே உயரத்தில் இல்லை, ஒன்று மேலே, ஒன்று கீழே. அதனால் இருட்டிலும் சத்தம் வந்த இடத்தைத் துல்லியமாகப் பிடிக்கும். எலியைக் காட்டிக்கொடுப்பது காய்ந்த மட்டையின் சரசரப்பு. எனவே உள்ளங்கால் மெத்தென்று ஆகவேண்டும். ஆனால் மட்டைக்காம்பின் ஓரமெல்லாம் முள், மெத்தென்ற தோல் கிழிந்துவிடும். இரண்டையும் ஒரே தோலால் சமாளிக்க முடியாது. தோல் தடித்தே இருக்கட்டும், விரலிடுக்கில் இருக்கிற ரோமம் நீண்டு பாதத்தை மூடட்டும். பாலைவனத்து மணற்பூனைக்கு அப்படிப் பாதரோமம் இருக்கிறது, சுடுமணலுக்காக. இதற்கு விலை உண்டா என்றால் உண்டு. ரோமம் மழையில் நனைந்தால் வழுக்கும், ஆகவே இந்த எலி மழை இரவில் மரத்தை விட்டு நகராது, பழத்தைச் சேமித்து வைக்கும். ஒரு மி.மீ. ரோமம் கூடினாலும் கொஞ்சம் சத்தம் குறையும், அதனால் இடைப்பட்ட படிகளும் பயனுள்ளவை. இது தேறும்.

அளவைப் பெரிதாக்கும் ஆசைக்கும் ஒரு வரி: 4 செ.மீ. காண்டாமிருக வண்டை 40 செ.மீ. ஆக்கினால் எடை 1,000 மடங்கு, காலின் குறுக்குப் பரப்பு 100 மடங்குதான். காலின் ஒவ்வொரு புள்ளியும் பத்து மடங்கு பாரம் தாங்கவேண்டும்.

ஆகவே சொல்லில் இரண்டு இருக்கவேண்டும்: நாமே கட்டியது என்பது ஒன்று, ஒரு மூதாதையிடமிருந்து வந்தது என்பது மற்றொன்று.

— கிள்ளான்

பொருள்: மறு: மறு: மறு: கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

'மூதாதையிடமிருந்து வந்தது' என்றதும் வழிநூல் நினைவுக்கு வந்தது. நன்னூல்:

முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப்
பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி
அழியா மரபினது வழிநூல் ஆகும்.

முன்னதோடு ஒத்து வரவேண்டும், வேண்டிய இடத்தில் மாறவேண்டும், மரபு அறக்கூடாது. நூலுக்குச் சொன்னது ஓணானுக்கும் பொருந்துகிறதே!

மற்றது 'புனை'. மாலை புனைகிறவர் பூவை உண்டாக்குவதில்லை, இருக்கிற பூவைத்தான் தொடுக்கிறார். விலா எலும்பு விசிறியான கதையும் அதுதான். இரண்டையும் சேர்த்தால் புனைவழி: புனைந்த வம்சவழி. துறைக்குப் 'புனைவழி உயிரியல்', விலங்குக்குப் 'புனைவழி உயிர்', மாற்றத்துக்குப் 'புனைவழிப் பரிணாமம்'. இலங்கையில் பரிணாமத்தைக் கூர்ப்பு என்பார்கள். 'கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்' என்பது தொல்காப்பியம். இழப்பையும் சேர்த்துச் சொல்வதால் எனக்கு அந்தச் சொல்லே பிடிக்கும், ஆனால் இங்குள்ள பிள்ளைகளுக்குப் பரிணாமம்தான் பழக்கம்.

யாளியைப் பற்றி யாராவது கேட்பார்கள். சிங்க உடல், யானைத் துதிக்கை. சிற்பத்தில் அதைவிடக் கம்பீரம் இல்லை. ஆனால் அதற்கு வழி இல்லை. புனையுயிர் என்று சொல்லிக்கொள்ளலாம், புனைவழி உயிர் ஆகாது.

— தைப்பிங்

பொருள்: புனைவழி - ஒரு தடை

ஐயா, படம் வரைகிறவன் கேட்கிறேன். அஞ்சல்வழிக் கல்வி, இணையவழி வகுப்பு என்று பழகிய கண்ணுக்குப் 'புனைவழி உயிரியல்' என்றால் கதை மூலம் உயிரியல் படிப்பது என்று தோன்றாதா?

— ஈப்போ

பொருள்: மறு: புனைவழி - ஒரு தடை

தோன்றும், தம்பி. அந்த வழி பெயர்ச்சொல்லின் பின் வருவது: அஞ்சல், இணையம். புனை வினையடி, வினைத்தொகையில் 'வழி' பெயராகவே நிற்கும். இலக்கணம் தெரியாதவருக்குக் குழப்பம் வரத்தான் செய்யும். முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் போட்டால் தீரும் என்று நினைக்கிறேன். 'வழிப்புனைவு' என்று திருப்பிப் போட்டால் இன்னும் மோசம், வழியில் சொல்லும் கதை ஆகிவிடும்.

— தைப்பிங்

பொருள்: மறு: மறு: புனைவழி - ஒரு தடை

நன்றி ஐயா, 'புனைவழி' என்றே போகிறது. படிவத்தில் படம் வரையும் கட்டத்துக்கு மேலே 'இது எதன் வழி?' என்று ஒரு வரி சேர்த்துவிட்டோம். மூதாதையின் பெயரும் மாறிய உறுப்பும் எழுதாமல் பென்சிலைத் தொடக்கூடாது. அதற்குக் கீழே 'இதனால் என்ன இழந்தது?' என்று இன்னொரு கட்டம், எலியின் மழை இரவுக்காக. கடைசியாக ஒன்று: அச்சகத்தில் 'புனைவழிபரிணாமம்' என்று ப் இல்லாமல் அடித்துவிட்டார்கள், திருத்தச் சொல்லியாயிற்று. 'புனைவழி உயிர்' பிரித்தே இருக்கலாமா, புனைவழியுயிர் என்று சேர்க்கவேண்டுமா?

— சுங்கை சிப்புட்

பொருள்: மறு: மறு: மறு: புனைவழி - ஒரு தடை

பிரித்தே இருக்கட்டும், டீச்சர். பிள்ளைகள் உரக்கப் படிக்கவேண்டும்.

— தைப்பிங்